போதும் என்பது யாருடைய கணக்கு?

இன்சுலின் ஊசிப் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் அச்சிட்டிருக்கும். வட்டத்துக்குள் 2 என்ற எண், அதன் குறுக்கே ஒரு சாய்கோடு. இரண்டாவது முறை போடாதே என்று பொருள். ராஜபாளையத்தில் வாங்கினாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கினாலும் அந்த அடையாளம் மாறாது. வாங்கிக்கொண்டு போகிறவர்களில் பலர் ஒரே ஊசியை நாலு நாள், ஒரு வாரம், வலி பொறுக்க முடியாமல் போகும்வரை போட்டுக்கொள்கிறார்கள் என்பது இன்சுலின் எழுதும் மருத்துவர்களுக்குப் பழகிப்போன செய்தி. இதை நாம் சில நேரம் சிக்கனம் என்கிறோம், சில நேரம் அலட்சியம் என்கிறோம். பாராட்டோ பழியோ, இரண்டையும் குத்திக்கொள்பவரின் தலையிலேயே ஏற்றிவிடுகிறோம். ஆனால் இதற்குள் ஒரு பழைய அறக்கேள்வி இருக்கிறது. நோயாளி தன் உடம்பிலிருந்து மிச்சம் பிடிப்பதை நற்குணம் என்று சொல்லலாமா? அப்படிச் சொல்வதால் யாருடைய கடமை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது?

முதலில் ஊசியைப் பற்றி உள்ளதை உள்ளபடி பேசிவிட வேண்டும். பயமுறுத்தி நிலைநாட்டுகிற அறம் ஒருநாள் பொய்த்துப் போகும். இன்று இன்சுலின் பேனாவில் மாட்டும் ஊசி 4 மில்லிமீட்டர் நீளம், கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன். தோலுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்க அதன்மேல் சிலிக்கோன் பூச்சு உண்டு. திரும்பத் திரும்பக் குத்தும்போது பூச்சு தேய்ந்து நுனி மழுங்குகிறது, வளைகிறது. சுத்தமாக இருக்கட்டும் என்று ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் பூச்சு இன்னும் சீக்கிரம் போய் வலி கூடும். ஊசியைக் கழற்றாமல் பேனாவிலேயே விட்டுவைத்தால் காற்று உள்ளே புகும், மருந்து கசியும், அளவு பிசகும். ஆனால் சீழ் பிடிக்கும், கிருமி ஏறும் என்று மிரட்டுவதற்கு, ஒருவர் தன் ஊசியைத் தானே மறுபடி போட்டுக்கொள்ளும் விஷயத்தில், வலுவான ஆதாரம் கிடையாது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமே 2004இல் வெளியிட்ட வழிகாட்டலில், விரும்புகிறவர்கள் தங்கள் சிரிஞ்சைத் திரும்பப் பயன்படுத்துவது பலருக்கு ஒத்துவருகிறது என்று ஒப்புக்கொண்டது. ஒருவர் ஊசியை இன்னொருவர் போடுவது முற்றிலும் வேறு. ஹெபடைட்டிஸ் கிருமியும் எச்.ஐ.வி.யும் அந்த வழியில் வரும். கணவன் மனைவிக்குள்கூட அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

உண்மையான சேதம் மெதுவாக நடக்கிறது. ஒரே இடத்தில், மழுங்கிய ஊசியால், மாதக்கணக்கில் குத்துகிறவர்களின் வயிற்றிலும் தொடையிலும் கொழுப்புத் திரண்டு தடிப்பாகிறது. கையால் தடவிப் பார்த்தால் ரப்பர் மாதிரி தட்டுப்படும். அந்த இடத்தில் வலி குறைவு என்பதால் மறுபடி அங்கேயே போடத் தோன்றும். அங்கே போடும் இன்சுலின் ஒருநாள் இரத்தத்தில் கலக்கும், ஒருநாள் தேங்கி நிற்கும். சர்க்கரை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று தெரியாமல் மருத்துவர் அளவைக் கூட்டுவார். ஸ்பெயினில் 430 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேருக்குத் தடிப்பு இருந்தது. தடிப்பு உள்ளவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 56 யூனிட் போட்டார்கள், இல்லாதவர்கள் 41. இடம் மாற்றாமல் குத்துவதுதான் முதல் காரணம், ஊசியைத் திரும்பப் போடுவது அடுத்ததுதான் என்று வாதிடலாம். ஓர் ஆய்வில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து தெரிவதால் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகிவிடாது என்பதும் சரிதான். அதை எல்லாம் கழித்த பிறகும், ஊசியில் மிச்சம் பிடித்த காசு இன்சுலினில் கரைந்து போவதற்கு இடமிருக்கிறது என்பது மிஞ்சும்.

மறுபடி பயன்படுத்துவதே பாவம் என்றும் நான் சொல்லவில்லை. கண்ணாடி சிரிஞ்சை வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்து, இரும்பு ஊசியைக் கல்லில் தீட்டி, ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்ட தலைமுறை ஒன்று இருந்தது. அந்தக் கருவி அதற்காகவே செய்யப்பட்டது. இன்றைய ஊசி ஒருமுறைக்கென்றே செய்யப்பட்டது.

இந்த வட்டாரத்தில் சிக்கனத்துக்கு மரியாதை அதிகம். மழையை நம்பிய விவசாயமும் மில் கூலியும் சேர்ந்து வளர்த்த குணம் அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் சிக்கனம் அறமாக ஒரு நிபந்தனை உண்டு. செலவழிக்க முடிந்தவர் செலவழிக்காமல் இருக்க வேண்டும். போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். ஆசைக்கு அது முழுக்கப் பொருந்தும், ஏனென்றால் ஆசைக்கு எல்லை வகுப்பது மனம். இன்சுலினுக்கு எல்லை வகுப்பது கணையம். மனம் எவ்வளவு பக்குவப்பட்டாலும் இரத்தத்தில் உள்ள சர்க்கரை அதைக் கேட்டு இறங்காது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றால் மாதம் 60 ஊசி. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் படுக்கும்போதும் என்றால் 120. மருந்து விஷயத்தில் போதும் என்பது இப்படி ஓர் எண். அந்த எண்ணை எட்ட முடியாதவரைப் பார்த்து மனநிறைவைப் போதிக்கும்போது, பற்றாக்குறைக்குப் புண்ணியத்தின் பெயரைச் சூட்டிவிடுகிறோம்.

இங்கே ஒருவர் மறுக்கலாம். வீட்டுச் செலவுக்காக, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக, ஒரு தாய் தன் ஊசியைத் திரும்பப் போட்டுக்கொள்வது தியாகம் இல்லையா? அவளே மனமுவந்து செய்வதை இல்லாமை என்று சொல்லி ஏன் சிறுமைப்படுத்த வேண்டும்? கனமான கேள்வி. இதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரின் கதையிலேயே விடை தேடலாம் என்று நினைக்கிறேன். ஆண்டாள் சூடிப் பார்த்த மாலையைத்தான் பெருமாள் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றும் அவள் சூடிக் களைந்த மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரையில் கள்ளழகருக்கும் போகிறது. ஒருவர் உடம்பில் பட்ட பொருள் தாழ்ந்தது என்ற எண்ணத்துக்கு அந்தக் கோயிலில் இடமே இல்லை. ஆகவே ஊசியைப் பற்றிய என் மறுப்பு தீட்டு சம்பந்தப்பட்டது இல்லை. ஆனால் கதையில் நாம் கவனிக்காமல் கடந்துபோகிற ஓர் இடம் இருக்கிறது. மகள் சூடியதைப் பார்த்துப் பதறிய பெரியாழ்வார், யாரும் சூடாத புது மாலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார். புதியதும் அங்கே இருந்தது. அது இருக்கும்போதே சூடியதைத் தேர்ந்தெடுத்ததால்தான் அதை அன்பு என்கிறோம். பெட்டியில் புது ஊசி இல்லாதவரிடம் அப்படியொரு தேர்வு எங்கே இருக்கிறது? அந்தத் தாயின் மனம் பெரியதுதான். அவள் மனம் பெரியது என்பதால், அவளுக்கு ஊசி வாங்கித் தரவேண்டியவர்களின் கடமை சிறியதாகிவிடாது.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் நெய்கிற துணி பெரும்பாலும் பேண்டேஜும் காஸும்தான். உள்நாட்டு மருத்துவமனைகளுக்கும் கடல் கடந்தும் அது போகிறது. யாரென்றே தெரியாத ஒருவரின் புண்ணில் ஒருமுறை ஒற்றி எடுத்து எறியப்படுவதற்காக, அத்தனை பேரின் உழைப்பில் அந்தத் துணி உருவாகிறது. அதைத் துவைத்துக் காயப்போட்டு மறுபடி கட்டினால் என்ன என்று அந்தத் தொழிலில் யாரும் கேட்பதில்லை. காயத்துக்கு ஒருமுறைப் பொருள் தேவை என்பதை இந்த மண் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஆயுள் முழுக்க, தோலைத் துளைத்துக்கொள்ள வேண்டியவருக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் நீளவில்லை?

நீளாததற்குக் காரணம் கெட்ட எண்ணம் என்று நான் நம்பவில்லை. இன்சுலினை மனிதகுலம் பெருந்தன்மையோடுதான் தொடங்கியது. டொராண்டோவில் 1922 ஜனவரியில் முதல் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. மறு ஆண்டே அதை உருவாக்கிய பாண்டிங்கும் பெஸ்ட்டும் காலிப்பும் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். 1977இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளுக்கு முதல் பட்டியல் போட்டபோதே இன்சுலின் அதில் இருந்தது. தமிழ்நாட்டில் 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்ட பிறகு, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி அனுப்பும் முறைக்கு நாடெங்கும் நல்ல பெயர் கிடைத்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இத்தனையிலும் அறத்தின் கண் மருந்தின் மேல்தான் இருக்கிறது. மருந்து உடம்புக்குள் போகும் வழி உபகரணம் என்ற தனிக் கணக்கில் போய்விடுகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம் கடைசியில் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து செய்பவர் என நான்காகப் பிரிக்கிறது. ஊசி மருந்தோடு சேர்ந்ததா, செய்பவரின் கையோடு சேர்ந்ததா என்று விவாதிக்கலாம். எந்தக் கணக்கில் வைத்தாலும், அதை நான்குக்கும் வெளியே தள்ள முடியாது.

ஒரு சீட்டை எடுத்துப் பாருங்கள். காலை 20, இரவு 12 என்று இன்சுலின் எழுதியிருக்கிறது. மில்லிக்கு 40 யூனிட் வகைக் குப்பியில் 10 மில்லி, அதாவது 400 யூனிட். நாளைக்கு 32 போனால் பன்னிரண்டு நாளில் தீரும், மாதத்துக்கு மூன்று குப்பி வேண்டும். இந்தக் கணக்கை மருத்துவரும் மருந்தாளரும் சரியாகப் போட்டுவிடுவார்கள். அதற்குக் கீழே சிவப்பு மூடி சிரிஞ்ச் 60 என்ற வரி இருக்கிறதா? சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் எத்தனை என்ற வரி? அந்த வரி இல்லாவிட்டால் வேறோர் ஆபத்தும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40 யூனிட் மருந்துக்கானது, ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 100 யூனிட் மருந்துக்கானது. கிடைத்ததை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினால், அதில் 20 கோடு வரை 40 யூனிட் மருந்தை இழுப்பவருக்கு உள்ளே போவது வெறும் 8 யூனிட். மாறாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும்.

வேண்டிய ஊசியை எழுதித் தர வேண்டும் என்பதற்கு எதிரான வாதங்களில் பழமையானது வினைப்பயன். அதன் இன்றைய வடிவம், வாயைக் கட்டாதவர்கள் அனுபவிக்கிறார்கள் என்ற பேச்சு. 2019இல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் அந்தப் பேச்சு சுலபமாக எழும். முதல் வகை நீரிழிவு வந்த குழந்தையின் உடம்பு தன் கணையத்தைத் தானே தாக்கி அழித்துக்கொண்டது, அதில் இனிப்புக்குப் பங்கே இல்லை. மற்றவர்களுக்குப் பங்கு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வள்ளலார் ஜீவகாருணிய ஒழுக்கத்தில் இதே மறுப்பை எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார். குற்றம் செய்து சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் ஆள் வைத்துச் சோறு போடுகிறான், ஆகவே துன்பப்படுகிறவனுக்கு இரங்குவது ஆண்டவன் ஆணைக்கு விரோதமாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் பசியை முன்வைத்துப் பேசினார், நீக்க வேண்டிய துன்பங்களில் பிணியையும் சேர்த்தார். தகுதி பார்த்து உதவச் சொன்னவர் இல்லை அவர்.

இரண்டாவது வாதம் பணம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. அத்தனை பேருக்கும் எங்கே போவது? அத்தனை பேரும் இன்சுலின் போடுவதில்லை, பெரும்பாலோர் மாத்திரையில் இருக்கிறார்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் எல்லாம் நாளைக்கே கிடைத்துவிடும் என்று சொல்ல நான் தயாராக இல்லை. பொதுப் பணத்துக்கு எல்லை உண்டு, ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று குறையும். ஆனால் எல்லை இருக்கிறது என்பதை எல்லாரும் அறியச் சொல்லிப் பங்கிடுவது ஒன்று, எழுதாமல் விட்டு அந்த எல்லையை நோயாளியின் தோலிலேயே வரைவது இன்னொன்று. 60 என்று எழுதி 30 கொடுத்தால் 30 பற்றாக்குறை என்று பதிவாகும், அடுத்த ஆண்டு கொள்முதலில் யாராவது அதைக் கேட்கலாம். எழுதவே இல்லை என்றால் பற்றாக்குறை என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும்.

குப்பை பெருகுமே என்ற கவலை நியாயமானது. வீட்டில் சேரும் பழைய ஊசியை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவாக வகைப்படுத்தின. பிளாஸ்டிக் பையில் சுருட்டிப் போடும் ஊசி, கையுறை இல்லாமல் அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில் ஏறும். ஒருவரின் வலியைக் குறைக்க இன்னொருவரைக் குத்தலாகாது. அதனால் ஊசி தருகிற இடமே, கெட்டியான டப்பாவில் போட்டு மூடிக் கொண்டுவரும் பழைய ஊசியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி, கேட்பதைப் பற்றி. நம் மரபு இரப்பதை அஞ்சச் சொன்னது. குறளில் இரவுக்கு ஓர் அதிகாரம், உடனே இரவச்சத்துக்கு ஓர் அதிகாரம். மில்லில் நாற்பது வருடம் நின்று வேலை பார்த்தவர் ஓ.பி. வரிசையில் நின்று, இன்னும் கொஞ்சம் ஊசி எழுதுங்க ஐயா என்று கேட்கக் கூசுவதில் அந்த அச்சம் இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதில் கூடக் கேட்டால் பேராசை என்று நினைப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தானும் தன் போன்றவர்களும் வரியாகவும் உழைப்பாகவும் நிரப்பிய பொதுக் களஞ்சியத்திலிருந்து தன் பங்கைக் கேட்பது இரப்பாகாது. 60 வேண்டியவர் 60 கேட்பதில் ஆசை எங்கே வந்தது? 30ஐ வாங்கிக்கொண்டு பேசாமல் போகிறவரை அடக்கமானவர் என்று மெச்சுவதால்தான் அடுத்து நிற்பவருக்கும் வாய் திறக்க முடியாமல் போகிறது.

மருத்துவர் பக்கம் இதற்குச் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஊசியை எத்தனை தடவை போடுறீங்க என்று அதட்டாமல் கேட்க வேண்டும். அதட்டினால் ஒரு தடவைதான் என்ற பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சட்டையைத் தூக்கச் சொல்லி வயிற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். போதுமான ஊசி கிடைக்கும்வரை திரும்பப் போடத்தான் வேண்டியிருக்கிறது என்றால், குற்றவாளியாக்காமல் வழி சொல்லித்தர வேண்டும். தன் ஊசி தனக்கு மட்டும், ஸ்பிரிட்டால் துடைக்காமல் மூடி வைக்கவும், ஒவ்வொரு முறையும் இரண்டு விரல் தள்ளிக் குத்தவும், நுனி வளைந்தாலோ வலித்தாலோ உடனே மாற்றவும். தடிப்பில் போட்டுப் பழகியவர் புது ஊசியோடு நல்ல தோலுக்கு மாறி அதே அளவைப் போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் வரலாம். அதனால் ஊசியின் எண்ணிக்கையைக் கூட்டி எழுதும் அன்றைக்கே இன்சுலினின் அளவையும் குறைக்க வேண்டுமா என்று பார்த்து, இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.