அகமும் முகமும்

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்ற பழமொழியை என் கதைகளில் எத்தனையோ முறை எடுத்தாண்டிருக்கிறேன். அது எல்லோருக்கும் பொருந்துகிற உண்மைதானா என்று ஒருமுறையாவது யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவள், என் கையெழுத்துப் பிரதிகளைக் கணினியில் தட்டச்சுச் செய்து தரும் ஒரு பெண். அவள் திருநங்கை.

ஒருநாள் மாலை, தயங்கித் தயங்கிக் கடன் கேட்டாள். எதற்கு என்றேன்.

“முகத்துல ஆபரேஷன் பண்ணிக்கணும் சார். மாத்திரையெல்லாம் தோலைத்தான் மாத்துது. நெத்தி எலும்பும் தாடை எலும்பும் அப்படியேதானே இருக்கு?”

என்னிடம் பணம் இருந்தது. ஆனால் நான் கொடுத்தது பணம் அல்ல, ஒரு சொற்பொழிவு. “பிறர் பார்வைக்காக ஏன் எலும்பை வெட்டிக்கொள்ள வேண்டும் அம்மா? நீ பெண் என்பது உன் உள்ளத்துக்குத் தெரிந்தால் போதாதா? மாறவேண்டியது உலகம்தானே?” என்றேன்.

அவள் வாதாடவில்லை. “உலகம் மாறுற வரைக்கும் பஸ்ல போகணுமே சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். உயர்ந்த தத்துவம் ஒன்றைச் சொல்லிவிட்ட திருப்தியில் அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

பிற்பாடு வேறொரு கதைக்காகப் பழைய செய்திகளைப் புரட்டியபோது, காவஸ்ஜி என்ற வண்டிக்காரனைப் பற்றிப் படித்தேன். மைசூர்ப் போரில் ஆங்கிலேயருக்கு மாடோட்டியவன் அவன். திப்புவின் வீரர்களிடம் சிக்கி மூக்கறுபட்டான். பிறகு புனாவில், குயவர் மரபைச் சேர்ந்த ஒருவர், அவனுடைய நெற்றித் தோலைக் கொண்டே புது மூக்குச் செய்து பொருத்தினார். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அது வெளிவந்து, மேல்நாட்டு மருத்துவர்களை வியக்க வைத்தது. அந்தக் காவஸ்ஜியிடம், ‘ஆன்மாவுக்கு மூக்கு எதற்கப்பா?’ என்று யாராவது கேட்டிருப்பார்களா? ஒருவனுக்கு நியாயமாகத் தோன்றும் ஆசை, இன்னொருத்திக்கு மட்டும் எப்படி வீண் ஆசையாகிவிடுகிறது?

அவள் கேட்ட சிகிச்சையும் விளையாட்டல்ல. பிறவியிலேயே முக எலும்பு கோணியவர்களுக்குச் சிகிச்சை செய்துவந்த டக்ளஸ் ஔஸ்டர்ஹௌட் என்ற மருத்துவர், 1982இல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் இதைத் தொடங்கினார். ஆண், பெண் மண்டையோடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, வேறுபாடு எங்கே என்று கண்டார். புருவமேட்டுக்குப் பின்னால் காற்றறை ஒன்று இருக்கிறது. அதன் முன்சுவர் பலருக்கு மெல்லியது. வெறுமனே இழைத்தால் பொத்துக்கொள்ளும். ஆகவே அந்த எலும்பை அறுத்தெடுத்து, திருத்தி, சிறு டைட்டானியத் தகடுகளால் மறுபடி பொருத்துகிறார்கள்.

நான்கு ஆண்டுகள் காசு சேர்த்து, சங்கிலியை விற்று, வட்டிக்கும் வாங்கி, அவள் அதைச் செய்துகொண்டாள். மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். தலையில் கட்டு, இமைகள் திறக்க முடியாத வீக்கம், கன்னமெல்லாம் கருநீலம். தாடை எலும்பை வாய்க்குள்ளிருந்தே இழைத்திருந்ததால் கஞ்சித் தண்ணீர்தான் ஆகாரம். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூக்கம். அவளை மகளாக ஏற்றுக்கொண்ட மூத்த திருநங்கை ஒருவர் ஒவ்வொரு கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் வரவில்லை.

உச்சந்தலை மரத்திருப்பது மாறப் பல மாதங்கள் ஆகும்; முகம் இறுதி வடிவம் பெற ஓராண்டு கூட ஆகலாம் என்றார்கள். ‘தப்புப் பண்ணிட்டேனோ’ என்று இரண்டாம் வாரத்தில் அவள் அழுததாகவும் கேள்விப்பட்டேன்.

ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். என் பழைய தத்துவம் என்னை விடவில்லை. “இப்போது ஊர் என்ன சொல்கிறது?” என்று கேட்டேன்.

“ஊரை விடுங்க சார். இப்பல்லாம் காலையில பல் தேய்க்கறப்போ விளக்கைப் போட்டுக்கறேன். முன்னாடி இருட்டுலயே தேய்ச்சிட்டு வந்துடுவேன்.”

எனக்குப் பேச்சு எழவில்லை. பிறர் பார்வைக்காக என்று நான் தீர்ப்புக் கூறியிருந்தேன். அவள் தப்ப நினைத்ததோ தன் கண்ணாடியிலிருந்து!

எல்லாத் திருநங்கையரும் இதை விரும்புவதில்லை. விரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. ‘முகத்தை மாற்றிக்கொண்டு வா, மதிக்கிறேன்’ என்று சமூகம் சொன்னால் அது கொடுமை. ஆனால் வேண்டும் என்பவளைப் பார்த்து, ‘உனக்கு எதற்கு?’ என்று வசதியாக உட்கார்ந்துகொண்டு கேட்பதும் அதே கொடுமையின் இன்னொரு முகம்தான். தமிழ்நாடு 2008இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது. பாலின மாற்றுச் சிகிச்சைக்கு அரசு மருத்துவமனைகளின் கதவும் திறந்தது. முகம் என்று வரும்போதுதான், ‘இது அழகுக்காக’ என்ற ஒரே சொல்லால் உலகெங்கும் பலர் கதவைச் சாத்துகிறார்கள். நானும் அன்று அதைத்தானே செய்தேன்? அவள் வட்டி கட்டிய நாட்களில் என் பணம் பாங்கியில் வட்டி ஈன்றுகொண்டிருந்தது.

மாறவேண்டியது உலகம்தான் என்று நான் சொன்னது பொய்யல்ல. அந்த உலகத்தில் நானும் ஒருவன் என்பதைத்தான் மறந்துவிட்டேன்.