கொடுப்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டா?

எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்து, பல்கலைக்கழக விண்ணப்பங்களை நிரப்பும் நாள்கள் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு வாக்குவாதம் எழாமற் போவதில்லை. "பணம் கட்டுவது யார்? நான்தானே! அப்படியானால் என்ன படிப்பு என்று சொல்ல வேண்டியவனும் நானே" என்பார் தந்தை. "படிக்கப் போவது நான்தானே, அத்தா!" என்பான் மகன். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோலத் தோன்றுகிறது. ஆனால் இரண்டும் ஒருங்கே நியாயமாக இருக்க இயலாது.

வணிகர்களாகிய நாம் இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. நாம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பவர்கள் அல்லர். சங்கத்தின் வழியாகவும், ஜமாஅத்தின் வழியாகவும், சில வேளைகளில் கல்லாப் பெட்டியிலிருந்து நேராகவும் பிறர் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம். கொடுக்கும் கைக்கு எந்த அளவு அதிகாரம் உண்டு என்பதை நாம் தெளிந்துகொள்ள வேண்டும்.

கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் செடி நட்டவர்களிலும், பின்னர்க் கொழுந்து பறித்தவர்களிலும் நம் தமிழ் மக்கள் பலர். இன்றோ நிலைமை மாறிவிட்டது. கொழுந்து பறிப்பதற்கு இயந்திரங்கள் வந்துவிட்டன. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வரும் தொழிலாளர் பெருமளவில் அவ்வேலையைச் செய்கின்றனர். பழைய தமிழ்க் குடும்பங்கள் தம் பிள்ளைகள் வேறு வழியில் முன்னேற வேண்டும் என்றே விரும்புகின்றன. அவ்வழி கல்வி. ஆனால் மலைமேல் பல்கலைக்கழகம் இல்லை. கம்பாருக்கோ, கோலாலம்பூருக்கோ, பினாங்குக்கோ இறங்கித்தான் போக வேண்டும்.

அங்குள்ள தேயிலை ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகள் நன்றாகத் தேறியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உயிரியல் படிக்க விரும்புகிறாள். தானா ராத்தாவில் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவர், அக்குடும்பத்தை முப்பது வருஷமாக அறிந்தவர், உதவ முன்வருகிறார். "நான் தருகிறேன் அம்மா. ஆனால் கணக்கியல் எடு. வேலை நிச்சயம்" என்கிறார். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். எனினும் அந்த நிபந்தனை நியாயமானதா?

நமக்குப் பழக்கமான கொடுக்கல் வாங்கல் முறையிலேயே இதை ஆராய்வோம். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பணம் போவதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, முதலீடு. இரண்டு, கடன். மூன்று, கொடை. முதலீடு செய்பவர் என்ன சரக்கு வாங்கலாம், எந்த ஊரில் விற்கலாம் என்று நிபந்தனை வைக்கலாம். முளாரபா முறையில் அதற்கு இடமுண்டு. கடன் கொடுத்தவருக்குக் கொடுத்த தொகையைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டே தவிர, வாங்கியவரின் வாழ்க்கையை நடத்தும் உரிமை இல்லை. கொடை கொடுத்தவருக்கோ அந்தத் தொகையைக் கேட்கும் உரிமையும் இல்லை.

இப்போது அந்தக் கடைக்காரரைக் கேட்போம்: நீங்கள் கொடுப்பது இம்மூன்றில் எது? "முதலீடு" என்றால், அப்பெண்ணின் சம்பளத்தில் பங்கு கேட்க வேண்டும். அப்படிக் கேட்க அவர் நாணுவார். தந்தையும் நாணுவார். ஆகவே அது முதலீடு அன்று. ஆனால் நிபந்தனை வைக்கும்போது மட்டும் முதலீட்டாளரின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறோம். கொடையின் புகழும் வேண்டும், முதலீட்டின் அதிகாரமும் வேண்டும் என்றால், ஒரே சரக்கை இருவருக்கு விற்பது போலாகும்.

"நஷ்டம் வந்தால் என் பணமல்லவா போகிறது?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் முளாரபாவிலும் வியாபாரம் நொடித்தால் முதல் போட்டவர் முதலை இழக்கிறார். உழைத்தவர் உழைப்பை இழக்கிறார். இங்கே உழைப்பு என்பது நான்கு வருஷ இளமை. போன பணத்தை இன்னொரு பெருநாள் வியாபாரத்தில் ஈட்டிவிடலாம். போன இளமையை எந்தச் சந்தையில் வாங்குவது? அதுமட்டுமன்று. பி.டி.பி.டி.என். எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதில் கடன் பெறும் மாணவர் பலர். அந்தக் கடன் மாணவரின் பெயரில் இருக்கிறது. திருப்பிக் கட்டும் பொறுப்பும் அவருடையதே. அந்தத் தொழிலில் முப்பது நாற்பது வருஷம் நிற்கப் போகிறவரும் அவரே. விளைவைச் சுமப்பவர் கையில் தீர்ப்பு இருக்க வேண்டும் என்பது வியாபாரிக்குப் புதிய பாடம் அன்று.

நிற்க. எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் நாம் ஒதுக்கலாகாது. பதினெட்டு, இருபது வயதில் என்ன தெரியும்? தோழி எடுத்தாள் என்பதற்காக ஒரு படிப்பை எடுத்து, ஒரு வருஷம் கழித்து அழுகிறவர்கள் இல்லையா? தேயிலைச் செடியையே பாருங்கள். சும்மா விட்டால் ஆளுயரத்தைத் தாண்டி மரமாக வளர்ந்துவிடும். கவாத்து செய்வதால்தான் கொழுந்து கிடைக்கிறது என்பார்கள். சரி. ஆனால் செடியை இடுப்பளவில் வெட்டி நிறுத்துவது செடியின் நன்மைக்காகவா, பறிக்கிற கையின் வசதிக்காகவா? பிள்ளையின் விருப்பத்தை வெட்டும் முன் நாமும் இதையே கேட்டுக்கொள்ள வேண்டும். "என் மகன் மருத்துவன்" என்று நாலு பேரிடம் சொல்லும் வசதிக்காக வெட்டுகிறோமா?

அனுபவம் உள்ளவருக்கு ஓர் உரிமை நிச்சயம் உண்டு. தம் கருத்தைக் காரணத்தோடு சொல்லும் உரிமை அது. உரிமை மட்டுமன்று, கடமையுங்கூட. கணக்கியல் படித்தவருக்கு எங்கெங்கே வேலை கிடைக்கிறது, உயிரியல் படித்தவர் என்ன செய்கிறார் என்று விசாரித்துச் சொல்லலாம். மாதம் இவ்வளவுதான் தர முடியும் என்று வரம்பு கட்டலாம். பருவந்தோறும் தேர்ச்சி விவரத்தையும் செலவுக் கணக்கையும் கேட்கலாம். "இப்படிப்புக்கு என்னால் இயலாது" என்று மறுக்கவும் செய்யலாம். ஆனால் அதை விண்ணப்பத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சேர்ந்தபின், இரண்டாம் வருஷத்தில், "என் பேச்சைக் கேட்கவில்லை" என்று கையை இழுத்துக்கொள்வது, சரக்கு கப்பலேறியபின் பேரத்தை முறிப்பதற்கு ஒப்பாகும். நாணயமுள்ள வியாபாரி அதைச் செய்ய மாட்டார்.

மாணவர்க்கும் கடமை உண்டு. தேர்ந்தெடுக்கும் உரிமை கேட்பவர், தேர்ந்தெடுக்கும் உழைப்பையும் ஏற்க வேண்டும். அந்தப் படிப்புக்கு எந்தப் பாடங்களில் என்ன தகுதி கேட்கிறார்கள், முதல் வருஷத்தில் என்னென்ன பாடங்கள், முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று மூத்த மாணவரிடம் கேட்டறிய வேண்டும். விண்ணப்பத்தில் படிப்புகளை வரிசைப்படுத்தும்போது மெய்யாகவே வேண்டியதை முதலில் எழுத வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு வந்து பேசும் பிள்ளையை, "உனக்கு என்ன தெரியும்" என்று எந்தத் தந்தையும் எளிதில் தள்ள முடியாது.

புத்தக விஷயத்திலும் ஒரு வார்த்தை. கல்விக் கடன் கைக்கு வருமுன்பே விடுதிப் பணம், பேருந்துக் கட்டணம், கணினி, புத்தகம் என்று செலவுகள் வந்து நிற்கும். ஏழைப் பிள்ளை தடுமாறுவது அங்கேதான். நம் உதவி அங்கே போய்ச் சேரட்டும். ஆனால் சேர்வதற்கு முன்பே புத்தகங்களை மூட்டை கட்டி வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். விரிவுரையாளர் எந்த நூலைக் கட்டாயம் என்கிறார் என்பது முதல் வாரத்தில் தெரிந்துவிடும். சில நூல்கள் நூலகத்தில் இருக்கும். சிலவற்றை மூத்தவர் பாதி விலைக்குத் தருவார். மிச்சத்தை மட்டும் புதிதாக வாங்கலாம். முழுப் புத்தகத்தையும் நகலெடுத்து மலிவாகத் தருகிறார்கள் என்று அதை நாடுவதும் தகாது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம் கடைச் சரக்கின் பெயரைப் போட்டுப் போலிச் சரக்கு விற்றால் நாம் பொறுப்போமா?

நிபந்தனை வைத்துக் கொடுப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. 1950களில், சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குச் சாதாரணத் தொழிலாளரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். தமிழ்க் கல்விக்கு வாசல் திறக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. இன்னார் அதற்குள் நுழைந்தே தீர வேண்டும் என்று கேட்கவில்லை. திருச்சிராப்பள்ளியில் ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் நிறுவிய கல்லூரி 1951இல் தொடங்கியது. இருவரும் வணிகப் பெருமக்களே. கல்லூரியைக் கட்டினார்கள், அங்கே கலை படிப்பதா அறிவியல் படிப்பதா என்பதை வந்து சேர்ந்த பிள்ளைகளிடம் விட்டார்கள். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள்.

ஆகவே அந்தக் கேமரன் மலைக் கடைக்காரருக்கு நாம் சொல்வது இதுதான். கணக்கியல் நல்லது என்று உங்களுக்குத் தோன்றினால், காரணத்தோடு ஒரு முறை எடுத்துச் சொல்லுங்கள். அப்பெண் சொல்லும் காரணத்தையும் காதுகொடுத்துக் கேளுங்கள். பிறகும் அவள் உயிரியலே வேண்டும் என்றால், கொடுக்க நினைத்த தொகையைக் குறைக்காமல் கொடுங்கள். அப்படிக் கொடுக்க மனம் வராவிட்டால் இன்றே சொல்லிவிடுங்கள்; அவள் வேறு வழி தேடிக்கொள்ள அவகாசம் இருக்கும். நம் வீட்டு விண்ணப்பத் தாளில் கையெழுத்திடும்போதும் இதே முறையைக் கைக்கொள்ளுமாறு வாணிபப் பெருமக்களை வேண்டிக்கொள்கிறோம்.