தலயாத்திரையும் பிறர் சந்நிதியும்

சித்திரை விடுமுறையிலே மாணாக்கரைத் தலயாத்திரைக்கு அழைத்துச் செல்லக் கருதும் ஆசிரியர், முதற்கண் பஸ் கூலி, அரிசி, இராத்தங்கும் மடம் என்பவற்றையே கணக்கிடுவர். அது வேண்டுவதே. சிவனொளிபாதத்திற்கு மலையேறுங் காலம் டிசம்பர்ப் பூரணையில் தொடங்கி மே மாதத்து வைசாகப் பூரணையோடு முடிகின்றது; கதிர்காமத்துப் பெருவிழாவோ ஆடியை ஒட்டி வருவது. இவற்றை அறியாது புறப்படுவோர் வழியிலே வருந்துவர். ஆயினும் அட்டவணையில் எழுதப்படாத வினா ஒன்று உண்டு. திருக்கேதீச்சரத்தில் வழிபட்டு, அங்கிருந்து அநுராதபுரஞ் சென்று, ஆங்கு வெள்ளரசின்முன் நிற்கும் சைவப்பிள்ளை யாது செய்தல் வேண்டும்?

சில ஆண்டுகளின்முன் யாம் அழைத்துச் சென்ற பிள்ளைகளுள் ஒருவன், திருநீறு துலங்கும் நெற்றியோடு அம்மரத்தின் மதிலண்டை நின்று, "ஐயா, கும்பிடலாமோ?" என்றான். யான், "பார்த்துவிட்டு வா" என்றேன். அவன் பார்த்தான், மற்றையோரும் பார்த்தனர், பின்பு இருவர் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று கைத்தொலைபேசியிற் படம் பிடித்தனர். வெண்ணிற ஆடையணிந்து விரதமிருந்த முதிய அம்மையார் ஒருவர் முகந் திருப்பிக்கொண்டார். ஒன்றுஞ் சொல்லிற்றிலர். பிழை பிள்ளைகளுடையதன்று. கும்பிடு என்றோ வேண்டா என்றோ சொல்ல அஞ்சிய ஆசிரியனே ஒரு திருவிடத்தை நூதனசாலை ஆக்கினான்.

அவ்வச்சம் எனக்கு வந்த வழியையுஞ் சொல்லுதல் தகும். யான் கற்றது மிஷன் கல்லூரியொன்றில். நாடோறும் காலைச் செபத்தில் எழுந்து நின்று, மனம் ஒன்றாது உதட்டை மாத்திரம் அசைத்து வந்தேன். ஆங்குக் கற்ற கணிதமும் ஆங்கிலமும் இன்றுஞ் சோறு தருகின்றன. அதனை மறுத்தல் நன்றிகேடு. ஆயினும் உள்ளமின்றி வாயசைத்தல் அவர்தம் வழிபாட்டுக்கும் இழுக்கு, எனக்கும் இழுக்கு என்பதைப் பிற்காலத்தே உணர்ந்தேன். ஆதலின் பிள்ளையொருவனை நோக்கி, "நம்பாவிடினும் கைகூப்பு" என்று சொல்ல என் நா எழாது.

அங்ஙனமாயின் செல்லாதொழிதலே நேர்மை எனச் சிலர் கூறுவர். "நம்முடைய கோயில்கள் பட்ட பாட்டை மறந்து விகாரைக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோவதோ?" என நண்பர் ஒருவர் என்னை வினாவினார். அவர் துயரம் பொய்யன்று. 1985 ஆம் ஆண்டில் அதே வெள்ளரசின் அயலில் வழிபட வந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டமையும் பொய்யன்று. இவ்விரண்டையும் ஒரே நாவாற் பிள்ளைகட்குச் சொல்ல மாட்டாத ஆசிரியர் அங்குச் செல்லாதிருத்தலே நன்று. அவ்வளவில் நண்பரோடு உடன்படுகின்றேன்.

ஆனால் அந்நகரத்திற்கே உரிய வேறொரு செய்தியும் உண்டு. எல்லாளனைப் போரில் வென்ற துட்டகாமணி அவனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பி வழிபாடு செய்யப் பணித்தான் என்றும், பின்வந்த அரசகுமாரர் அவ்விடத்தை அணுகும்போது வாத்தியங்களை நிறுத்துவர் என்றும் மகாவமிசம் கூறுகின்றது. எல்லாளன் பௌத்தனல்லன் என்பதை அந்நூல் மறைத்திலது. வாத்தியத்தை நிறுத்தினோர் அவன் சமயத்தை ஏற்றாருமல்லர், அவனை இகழ்ந்தாருமல்லர். யான் தேடிய விடை அம்மௌனத்திலே கிடைத்தது.

நம் நூல்வழியும் இதற்கு மாறன்று. சிவஞான சித்தியார்ப் பரபக்கத்திலே பௌத்தர் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்த அருணந்தி சிவாசாரியாரே, சுபக்கத்திலே, எத்தெய்வத்தை வழிபடுவோர்க்கும் அத்தெய்வமாய் வந்து அருளுபவன் சிவன் என்று நிறுவினார். இதனைக்கொண்டு, 'எல்லாம் ஒன்றே' என எளிதிற் கூறி இடரைக் கடந்துவிடுவோரும் உளர். அஃது எனக்கு உடன்பாடன்று. தாம் வணங்கும் புத்தரைச் சிவனென நாம் சொல்லக் கேட்டுப் பௌத்தர் மகிழார். நம் சித்தாந்தம் நமக்குத் தெளிவு தருக. அதனை அவர் முற்றத்திலே நின்று அவர்மேல் ஏற்றுதல் விருந்தினர்க்கு அழகன்று. கைகூப்புதல் ஒன்றே வழிபாடாகாது என்பதற்குப் பௌத்த வேடங் களையாது இலிங்கத்தின்மேற் கல்லெறிந்த சாக்கிய நாயனார் சான்றாவர்.

சிவனொளிபாதத்திலே இவ்விடர் பெரிதும் இல்லை. ஒரே பாதத்தை அவரவர் தத்தம் பெயரால் அழைப்பர். 1344 இல் இபின் பதூதா என்னும் முஸ்லிம் யாத்திரிகர் ஆதமின் பாதத்தைக் காண விரும்பியபோது, ஆரியச்சக்கரவர்த்தி ஆண்டுதோறும் அங்குச் செல்லும் யோகியர் நால்வரையும் பிராமணர் மூவரையும் அவர்க்குத் துணையாக அனுப்பினார்.

இவ்வாண்டு புறப்படுமுன் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கியுள்ளேன். தோளும் முழந்தாளும் மூடிய உடை வேண்டும். செருப்பும் தொப்பியும் புறத்தே விடவேண்டும். திருநீற்றை எவருக்காகவும் அழித்தல் வேண்டா. உள்ளம் உந்தினாற் கைகூப்பலாம். உந்தாவிடின் அமைதியாக நிற்கலாம். யார் கூப்பினர், யார் கூப்பிலர் என்று பின்னர் ஒருவரையொருவர் கேட்டலாகாது, ஆசிரியருங் கேளார். படம் பிடிப்பதற்குத் தனியே அரைமணி நேரம் வைத்திருக்கின்றேன், விகாரைக்கு அப்பால், திசாவாவிக் கரையில்.