காலாவதியான கடன், கடன்தானா?

மேலப்பாளையத்தில் எனக்கு நெருங்கிய குடும்பம் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் சிறிய ஜவுளிக்கடை வைத்திருந்தவர். 2024ஆம் ஆண்டு மௌத்தாகிவிட்டார். நாற்பது நாள்கூட ஆகவில்லை. இத்தாவில் இருந்த அவர் மனைவிக்கு ஓர் இரவு ஒன்பது மணிக்குமேல் தொலைபேசி வந்தது. உங்கள் கணவர் பெயரில் கிரெடிட் கார்டு கடன் 1,18,000 ரூபாய் நிற்கிறது, கடனோடு கபுரில் கிடப்பவரின் நிலை என்னவென்று உங்கள் மார்க்கத்திலேயே சொல்லியிருக்கிறதே, மகனிடம் சொல்லிக் கட்டிவிடுங்கள் என்றது அந்தக் குரல். அன்றிரவு அந்த அம்மாள் உறங்கவில்லை. விடிந்ததும் மகனைக் கூப்பிட்டு, "என் வளையலை வித்துக் கொடுத்துடு வாப்பா, உங்க வாப்பா கடனோட கிடக்கக் கூடாது" என்று அழுதிருக்கிறார்.

மகன் என்னிடம் ஓடி வந்தான். அவனுடைய நண்பர்கள் வேறு யோசனை சொல்லியிருந்தார்கள்: "அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று சொல்லிவிடு. மூன்று வருடம் தாண்டிய கடனுக்குக் கோர்ட்டில் வழியில்லை." தாய் சொல்வதா, நண்பர்கள் சொல்வதா? "மாமா, நான் எதைச் செய்ய?" என்று கேட்டான்.

முதலில் கணக்கைப் பார்த்தோம். தகப்பனார் ஒழுங்கான மனிதர். கார்டில் வாங்கியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். 2012 முதல் 2015 வரை அவர் வாங்கிய பொருள் 41,000 ரூபாய், கட்டியது 33,500. அதற்கு மேல் வங்கி சேர்த்திருந்த 6,200 ரூபாய்ச் சரக்கு ஒன்றின் எதிரே, "இது நான் வாங்கியதல்ல, மூன்று முறை எழுதியும் பதிலில்லை" என்று அவர் கையெழுத்தில் இருந்தது. அந்தக் கோபத்தில்தான் கட்டுவதை நிறுத்தியிருக்கிறார். ஆக, அவரே ஒப்புக்கொண்ட பாக்கி 7,500. மற்றதெல்லாம் அந்த 6,200ம், வட்டியும், வட்டிக்கு வட்டியும், தாமதக் கட்டணமும்தான். மாதம் நூற்றுக்கு மூன்றரை என்றால் ஆண்டுக்கு நாற்பத்திரண்டு. ஏறாமல் என்ன செய்யும்?

நண்பர்கள் சொன்ன சட்டம் பொய்யல்ல. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனுக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் பறிப்பது வழக்குப் போடும் வழியைத்தான், கடனையே அல்ல. உச்சநீதிமன்றமே இந்த வேறுபாட்டைச் சொல்லியிருக்கிறது. உஸ்மானியர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பிலும் இதே கருத்து இருக்கிறது: பதினைந்து ஆண்டு கடந்த வழக்கைக் காஜி கேட்கமாட்டார், ஆயினும் காலம் கடந்ததால் உரிமை அழிவதில்லை, பிரதிவாதி ஒப்புக்கொண்டால் காலக்கணக்கே கிடையாது. ஆகவே கோர்ட்டுக்கு வழியில்லை என்பதை வைத்து "கடனே இல்லை" என்று சொல்வது பொய். "அப்படி ஆளே இல்லை" என்பது அதைவிடப் பெரிய பொய். அதுவும் பெற்ற தகப்பனைப் பற்றி!

அப்படியானால் தாயின் அச்சம் சரிதானா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மூன்று தீனார் கடனோடு இறந்தவருக்குத் தாம் தொழவைக்காமல் நின்றதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழவைத்ததும் நம் வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்று தீனாரைப் பற்றி யாருக்கும் தகராறு இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாதியாக வருகிறவன் சொல்லும் தொகையெல்லாம் மையித்தின் கடனாகிவிடாது; உரிமை கோருகிறவன்தான் ஆதாரம் காட்ட வேண்டும். வட்டியோ, மார்க்கத்தின் பார்வையில் கடனே அல்ல. "கையெழுத்துப் போட்டாரே, வாக்கல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஹராமான நிபந்தனையை வாக்குறுதி ஹலாலாக்கிவிடாது. அப்படிக் கையெழுத்திட்டதற்கு இஸ்திஃபார் செய்வது வேறு விஷயம். என் அறிவுக்கு எட்டியவரை, அந்த நல்ல மனிதர் மீதிருப்பது 7,500 ரூபாய். அது வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன்பே அவர் விட்டுச் சென்ற பொருளிலிருந்து போக வேண்டியது. சூரத்துந் நிஸாவில் உள்ள வரிசை அதுதான். மனைவியின் வளையலுக்கு அதில் வேலையே இல்லை. நாட்டுச் சட்டமும் மகனைச் சொந்தக் காசிலிருந்து கட்டச் சொல்லவில்லை.

யாரிடம் கொடுப்பது என்பதில்தான் நாங்கள் அதிக நேரம் தவித்தோம். கூப்பிட்டவர்கள் வங்கியல்ல, கடனை விலைக்கு வாங்கிவிட்டதாகச் சொல்லும் ஒரு நிறுவனம். அதற்கான பத்திரத்தைக் காட்டாதவன் கையில் கொடுத்தால் கடன் தீருமா? தவறான கையில் விழுந்த அமானத் நிறைவேறியதாகாது. உரியவர் யாரென்றே தெரியாவிட்டால் அவர் பெயரால் சதகா செய்யலாம் என்பார்கள். இங்கே கடன் கொடுத்த வங்கி கண்ணெதிரே இருக்கும்போது அந்த வழியும் பொருந்தாது. ஆகவே வங்கிக்கும் அந்த நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதச் சொன்னேன்: நீங்கள் கேட்கும் தொகையை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, முழுக் கணக்கையும், கடன் கைமாறிய பத்திரத்தையும் எழுத்தில் காட்டுங்கள். இதில் பொய்யும் இல்லை, அகப்பட்டுக்கொள்வதும் இல்லை. காலம் கடந்த கடனைத் தருகிறேன் என்று கடன்பட்டவர் எழுதிக் கையொப்பமிட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி அது புதிய ஒப்பந்தமாகிவிடும். எனவே எதிலும் கையெழுத்து வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொன்னேன்.

தொலைபேசியில் ஏசுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்களிடம் ஒட்டகக் கடனைக் கேட்டு ஒருவர் கடுமையாகப் பேசியபோது தோழர்கள் பொங்கினார்கள். நபியவர்களோ, உரிமை உள்ளவர் பேசத்தான் செய்வார் என்று தடுத்து, அவருடையதைவிட நல்ல ஒட்டகத்தையே கொடுக்கச் சொன்னார்கள். நம்முடைய கடன் உண்மையானால் கடுஞ்சொல்லைப் பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் இத்தாவிலிருக்கும் பெண்ணிடம் கபுரைச் சொல்லி மிரட்டுவது அந்த உரிமையில் சேராது. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் கடன் கேட்டு அழைக்கக் கூடாதென்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. துக்க வீட்டைத் தவிர்க்க வேண்டுமென்பது வங்கிகள் தாமே ஏற்ற வசூல் நெறிமுறை. வந்த நேரம், எண், பேச்சு எல்லாவற்றையும் குறித்து வைத்து வங்கிக்கு எழுதலாம். முப்பது நாளில் பதில் இல்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம். இதைப் பழிவாங்குவதாக எண்ணிக் கூச வேண்டியதில்லை.

கடிதம் போன பிறகு இரவு அழைப்புகள் நின்றன. பிறகொரு நாள் அந்த நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் நேரில் வந்து, 20,000 கொடுத்தால் போதும், இந்தத் தாளில் ஒரு கையெழுத்து மட்டும் என்றான். பத்திரம் கேட்டான் மகன்; பிறகு கொண்டுவருகிறேன் என்று போனவன்தான். 7,500 ரூபாய் தனியாக ஓர் உறையில், தகப்பனாரின் நோட்டுக்குள் அலமாரியில் இருக்கிறது. உறையின் மேல் வங்கியின் பெயரை எழுதி வைத்திருக்கிறான். ஜும்ஆ முடிந்து அவன் வீடு திரும்பும்போதெல்லாம், "பேங்கிலேருந்து கடுதாசி வந்துச்சா வாப்பா?" என்று கேட்கிறார் தாய்.