இஞ்சியும் இடைவெளியும்

தீபாவளி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததும், பட்சணத் தட்டுக்கு முன்பாக உள்ளங்கைக்கு வருவது லேகியம். இஞ்சி, சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் வெல்லப்பாகில் சுருண்டு, நெய் பிரிந்து பளபளக்கும் சின்ன நெல்லிக்காய் அளவு உருண்டை. நாக்கில் இனித்து, தொண்டையில் சுள்ளென்று இறங்கும். வயிறு அதுவரை எந்தக் குற்றமும் செய்திருக்காது. செய்யப்போகும் குற்றத்துக்கு நாம் வாங்கிவைக்கும் முன்ஜாமீன் அது.

அந்த ஜாமீன் செல்லுமா? ஓரளவு செல்லும். இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளால் வருகிறது. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பங்கு ஷோகாலாக மாறி, காரம் இன்னும் ஏறுகிறது. 2008-இல் தைவானில் நோய் நொடி இல்லாத 24 பேருக்கு 1.2 கிராம் இஞ்சி கொடுத்து, பிறகு சூப் குடிக்க வைத்துப் பார்த்தார்கள். இஞ்சி இல்லாதபோது இரைப்பை பாதி காலியாக ஏறக்குறைய 27 நிமிடம் பிடித்தது. இஞ்சியோடு 13 நிமிடம் போதுமானதாக இருந்தது. எலிகளின் பெருங்குடல் அழற்சியையும் இஞ்சி தணித்திருக்கிறது. மனிதர்களிடம் நடந்த அழற்சிச் சோதனைகள் சிறியவை. ஆகவே குடல் அழற்சியோடு இருப்பவர் இஞ்சியை நம்பி மருத்துவரை விட்டுவிடக் கூடாது.

யோசிக்க வைப்பது அடுத்து வந்த முடிவு. 2011-இல் நாள்பட்ட அஜீரணம் உள்ள 11 பேரிடம் இதே சோதனையைச் செய்தார்கள். இரைப்பை சீக்கிரம் காலியானது. உபாதை மட்டும் குறையவில்லை. 2014-இல் ஐபிஎஸ் (IBS) என்கிற குடல் கோளாறு உள்ள 45 பேர் 28 நாள் இஞ்சியோ வெற்று மாத்திரையோ சாப்பிட்டார்கள். வெற்று மாத்திரையை இஞ்சியால் மிஞ்ச முடியவில்லை. வயிறு காலியாவது வேறு, வயிறு ஆறுவது வேறு.

ஆறுவதற்கு உடம்பிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. உணவு வேளைகளுக்கு நடுவே, சுமார் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையில் கிளம்பும் ஒரு சுருக்க அலை சிறுகுடலின் கடைசிவரை போகிறது. மிச்சம் மீதியையும் தங்கிவிட்ட கிருமிகளையும் பெருங்குடல் பக்கம் தள்ளிவிடுகிறது. பசி நேரத்தில் வயிறு கடமுடவென்பது பெரும்பாலும் இந்த வேலையின் சத்தம்தான். அந்தச் சமயத்தில் ஒரு முறுக்கைக் கடித்தால் போதும், அலை நின்றுவிடும். குடல் மறுபடி ஜீரண வேலைக்குத் திரும்பிவிடும்.

இரைப்பையைச் சீக்கிரம் காலி செய்துதர இஞ்சியால் முடியும். காலியான இடத்தைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டுவைக்க நம்மால்தான் முடியும். நாமோ லேகியம் உள்ளே போன தைரியத்தில் இன்னும் இரண்டு அதிரசத்தை எடுக்கிறோம். உடம்புக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தெரியும். அது நம்மிடம் கேட்பது அவகாசம் ஒன்றைத்தான். பசிக்கும்வரை பொறுத்திருப்பவனுக்கே இஞ்சி மருந்து. மற்றவனுக்கு அது இலையில் இன்னொரு பதார்த்தம்.