ஷூ அடுக்கு

நாஹெராவில் அன்று காலை ஐந்தரைக்கு எழுந்து வாசலுக்கு வந்தால், அடுக்கில் என் ஷூவைக் காணோம். பிரான்ஸ் எல்லையிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ பேராலயம் வரை சுமார் 780 கிலோமீட்டர் நடை. அதில் இன்னும் 580 பாக்கி. காலில் ரப்பர் செருப்பு.

வழியெங்கும் 'அல்பெர்கே' என்ற யாத்ரீகர் விடுதிகள் உண்டு. நம்மூர்ச் சத்திரம் மாதிரிதான். யாத்ரீகர் அட்டையில் முத்திரை குத்தி ஒரு கட்டில் தருவார்கள், பெரும்பாலும் ஒரே இரவுக்கு. கூடம் முழுக்க இரண்டடுக்குக் கட்டில்கள், ஆணும் பெண்ணும் கலந்து. இரவு பத்துக்குக் கதவடைப்பு, காலை எட்டுக்குள் எல்லோரும் வெளியே. சேற்று ஷூ வாசலோடு சரி. பூட்டுள்ள அலமாரி பல இடங்களில் கிடையாது.

கிளம்பும்போது அம்மா ஒரு சுருக்குப்பையைக் கையில் திணித்து, "உள்ளுக்குள்ள கட்டிக்கோடி, குளிக்கப் போனாலும் கூடவே எடுத்துட்டுப் போ" என்றாள். கல்யாண மண்டபங்களில் நகையைத் தலையணைக்கடியில் வைத்துப் பாதித் தூக்கம் தூங்கியே பழகியவள். முதல் மூன்று இரவு நானும் அப்படித்தான் தூங்கினேன். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் இருந்தது ஒரு பாஸ்போர்ட், ஒரு கார்டு, இருநூறு யூரோ. அந்தக் கனத்துக்கே தூக்கம் போயிற்று.

நான்காம் இரவு கெட்ட கனவு கண்டு அலறிவிட்டேன். மூன்று டார்ச் வெளிச்சம் என்மேல் விழுந்தது. கீழ்க்கட்டில் கொரியப் பாட்டி எழுந்து என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். மூச்சு சீராகும்வரை விடவில்லை. பூட்டிய தனியறையில் அலறியிருந்தால் சுவருக்குத்தான் கேட்டிருக்கும்.

அதற்காக, பெண் தனியாகப் போகலாமா என்று கேட்பவர்களிடம் பயமே இல்லை என்று நான் சொல்வதில்லை. 2015இல் அஸ்தோர்கா அருகே தனியாக நடந்துபோன அமெரிக்கப் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். ஆனால் அது நாற்பது பேர் குறட்டை விடும் கூடத்தில் நடக்கவில்லை, வழியில் நடந்தது.

ஷூவுக்கு வருகிறேன். மேல்கட்டில் பையன் நாலு மணிக்கே கிளம்பிப் போயிருந்தான். கிழிந்த பை, அழுக்குச் சட்டை. அவன்தான் என்று மனம் தீர்ப்பெழுதிவிட்டது. விடுதிக்காரர் பதறவில்லை. அதே கம்பெனி, அதே நிறம், ஒரு சைஸ் பெரியதாய் மிஞ்சி நின்ற ஜோடியைக் காட்டி, போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னார். ஆறு கிலோமீட்டரில் அசோஃப்ரா. அங்கே காப்பிக்கடை வாசலில் ஒரு டேனிஷ் பெண், வெறும் சாக்ஸோடு, என் ஷூவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருட்டில் மாற்றி மாட்டியிருக்கிறாள். கால் வீங்கிவிட்டது என்று நினைத்தாளாம்.

அன்று மத்தியானம் சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதா. அந்த ஊர்ப் பேராலயத்துக்குள் ஒரு கூண்டில் உயிருள்ள சேவலும் கோழியும் இருக்கின்றன. காரணமாய் ஒரு கதை உண்டு. பெற்றோரோடு யாத்திரை வந்த பையன்மேல் சத்திரக்காரர் மகள் ஆசைப்பட்டாள்; அவன் இணங்காததால் வெள்ளிக் கிண்ணத்தை அவன் பைக்குள் ஒளித்துவைத்துத் திருடன் என்று பிடித்துக்கொடுத்தாள். தூக்கிலிட்டார்கள். திரும்பி வந்த பெற்றோர், பிள்ளை உயிரோடு தொங்குவதைப் பார்த்து நீதிபதியிடம் ஓடினார்கள். தட்டிலிருந்த வறுத்த கோழியைக் காட்டி, "இதற்கு உயிர் இருந்தால் அவனுக்கும் இருக்கும்" என்று அவர் சிரிக்க, கோழி எழுந்து கூவியதாம். அந்தக் கூண்டின்முன் எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த நீதிபதிக்கு இருந்த கயிறு காலை ஐந்தரைக்கு என்னிடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏமாற்றுச் சத்திரக்காரர்களைக் கண்டிக்கும் பிரசங்கம் ஒன்று 12ஆம் நூற்றாண்டின் 'கோதெக்ஸ் கலிக்ஸ்தினுஸ்' சுவடியிலேயே இருக்கிறது. சாந்தியாகோ பேராலயத்தில் வைத்திருந்த அந்தச் சுவடியே 2011இல் திருட்டுப் போனது. ஓராண்டு கழித்து ஒரு கார் ஷெட்டில் கிடைத்தது. எடுத்தவர் அழுக்குச் சட்டை வழிப்போக்கன் இல்லை. பேராலயத்திலேயே பல காலம் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன்.

கிழிந்த பைக்காரனைப் புர்கோஸில் மறுபடி பார்த்தேன். காப்பி வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று சொல்லவில்லை.

போகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் குளிக்கும்போதும் விடாதீர்கள், அம்மா சொன்னது சரி. மெத்தை ஓரத்தில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள். ஷூ நாடாவில் ஒரு மஞ்சள் நூல் கட்டிவையுங்கள்.