வலைப்பக்கத்துக்கு முதல்நூல் உண்டா?

2003 மே மாதம், கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த டேவ் ஷே என்ற வடிவமைப்பாளர் 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' என்றொரு பக்கத்தை இணையத்தில் ஏற்றினார். அதில் இருந்தது ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு. சில தலைப்புகள், சில பத்திகள், சில இணைப்புகள். அந்தக் கோப்பில் யாரும் கைவைக்கக் கூடாது. நிறம், எழுத்துரு, இடைவெளி, பின்னணிப் படம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பை மட்டும் யார் வேண்டுமானாலும் புதிதாக எழுதி அனுப்பலாம். பல நாடுகளிலிருந்தும் அனுப்பினார்கள். ஒருவர் கைபட்டு அதே பத்திகள் கடலடிக் காட்சியாயின. அடுத்தவரின் வடிவத்தில் அதன் சாயல்கூட இல்லை. தேர்ந்தெடுத்துத் தளத்தில் இடம்பெற்றவை மட்டும் 200-ஐத் தாண்டின. உள்ளடக்கம் ஒன்று, உருவம் இருநூறு.

அந்நாளில் பெரும்பாலான தளங்கள் அட்டவணைகளால் கட்டப்பட்டவை. படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, கட்டங்களுக்குள் பொருத்துவதே வேலையாக இருந்தது. சிஎஸ்எஸ்ஸை வைத்துக்கொண்டு அழகாக ஒன்றும் செய்துவிட முடியாது என்று நினைத்தவர்களுக்கு ஷேயின் தோட்டம் நேரடியாகப் பதில் சொன்னது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. பார்த்து வியந்தவர் வியப்போடு திரும்ப வேண்டியதில்லை. எந்த வடிவத்தின் சிஎஸ்எஸ் கோப்பையும் திறந்து, அந்தத் தலைப்பு ஏன் அந்த இடத்தில் நிற்கிறது, அந்தப் படம் எப்படி எழுத்துக்குப் பின்னால் போனது என்று வரிவரியாகப் படிக்கலாம். ஒரு தலைமுறை வலை வடிவமைப்பாளர்கள் இப்படித்தான் தொழில் கற்றார்கள்.

அப்படிக் கற்றவரின் அடுத்த பக்கம் யாருடையது? இன்று வடிவமைப்பு படிக்கும் ஒரு மாணவி புதுத் தளம் ஒன்றுக்கு யோசனை தேடி இணையத்தில் இறங்கினால் சில நொடிகளில் ஆயிரம் படங்கள் வந்து விழுகின்றன. பிடித்ததைச் சேமிக்கிறாள். பிறகு ஒரு குற்ற உணர்வு வருகிறது: இதைப் பார்த்துச் செய்தால் அது என் வேலையா, திருட்டா? எதையும் பார்க்காமல் உட்கார்ந்தால் வெள்ளைத் திரைதான் எதிரே நிற்கிறது. படைப்பூக்கம் எங்கிருந்து வருகிறது, வந்ததில் 'என்னுடையது' என்று எதைச் சொல்வது என்ற கேள்வி கணினிக்கு மிக முந்தையது. சமயங்களும் தத்துவங்களும் இதை வெகு காலமாகப் பேசிவந்திருக்கின்றன.

பிளாட்டோ தன் 'அயோன்' உரையாடலில் சாக்ரடீஸ் வாயிலாக ஒரு காந்தக் கல்லைக் காட்டுகிறார். கல் ஓர் இரும்பு வளையத்தை இழுக்கிறது. அந்த வளையம் இன்னொன்றை இழுக்கிறது. கலைத்தேவதை, கவிஞர், கவிதையை மேடையில் சொல்பவர், கேட்பவர் என்று சங்கிலி நீள்கிறது. வளையம் எதற்கும் சொந்தக் காந்தம் கிடையாது. கவிஞர் தன் அறிவால் பாடவில்லை, தெய்வ ஆவேசத்தால் பாடுகிறார் என்பது வாதம். இதைக் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் வேலை செய்பவருக்கு இது உதவவில்லை. ஆவேசம் வரும்வரை அவர் என்ன செய்வது?

தமிழ் இலக்கணம் இந்தக் கேள்வியை இன்னும் துணிவாகக் கையாண்டது. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி ஒரு சமண முனிவர். நூல்களை அவர் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரிக்கிறார். முதல்நூல் யாருடையது? வினைகளிலிருந்து நீங்கி, விளங்கிய அறிவு பெற்ற இறைவனுடையது. அதாவது முழுப் புதுமை என்ற பட்டத்தை மனிதர்களில் எவருக்கும் அவர் தரவில்லை. மனிதர் செய்வதெல்லாம் முன்னதன் வழியில் செல்வது, அல்லது முன்னதைச் சார்ந்து வேறுபடுவது. வழிநூல் முன்னோரின் பொருளை ஏற்றுக்கொண்டு, பின்னால் வந்தவர் விரும்பும் வேறுபாடுகளையும் சேர்த்துக்கொண்டு, மரபு அழியாமல் நடக்க வேண்டும். முதல்நூலைப் பற்றிய இந்தச் சூத்திரத்தையே பவணந்தி தொல்காப்பியத்தின் மரபியலிலிருந்துதான் எடுத்து வைத்தார்! ஏன் எடுத்தேன் என்பதற்குக் காரணமும் சொல்கிறார். முன்னோரின் கருத்தை மட்டுமின்றி அவர்கள் சொல்லையும் போற்றுவதற்காக. அவர்களிடமிருந்து விலகித் தனி நூல் செய்ததாக உரிமை கொண்டாடாமல் இருப்பதற்காக.

இதில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நிற்கின்றன. எடுத்தாள்வது இழிவில்லை. ஆனால் எடுத்தாண்டதை ஒளிக்கக் கூடாது, எடுத்ததோடு நின்றுவிடவும் கூடாது. அந்த மாணவியின் குற்ற உணர்வுக்கு இதைவிட நல்ல மருந்து கிடைப்பது அரிது.

மற்ற மரபுகளும் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. 1551-இல் மாஸ்கோவில் கூடிய ஸ்தோகிளாவ் சமயப் பேரவை, திருவுருவம் வரைபவர்கள் பழைய கிரேக்க ஓவியர்களையும் ரஷ்ய ஓவியர் ஆந்த்ரே ருப்லியோவையும் முன்மாதிரியாகக் கொண்டு வரைய வேண்டும், சொந்தக் கற்பனையில் வரையக் கூடாது என்று விதித்தது. சீனத்தில் 6-ஆம் நூற்றாண்டின் ஸியே ஹெ ஓவியத்துக்கு ஆறு நெறிகள் வகுத்தார். முதல் நெறி உயிர்த்துடிப்பு, ஆறாவது நெறி முன்னோர் ஓவியங்களைப் படியெடுத்துக் கடத்துவது. உஸ்மானியப் பேரரசின் அரபு எழுத்தணிக் கலையில் மாணவர் ஆசிரியரின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகி, 'இஜாஸா' என்ற அனுமதி பெற்ற பிறகே தன் வேலையில் தன் பெயரை இடலாம். கொழும்பில் பிறந்து, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி வாழ்நாளெல்லாம் இதைத்தான் வாதாடினார். மரபுக் கலைஞர் தன்னை வெளிப்படுத்த வேலை செய்யவில்லை, செய்யப்படும் பொருள் சரியாக அமைய வேலை செய்தார் என்பது அவர் கருத்து.

இந்த மரபுகள் படியெடுப்பதை அனுமதித்தபோது கூடவே நிறையக் கேட்டன. மாணவரின் கை அதே கோட்டை ஆயிரம் முறை இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க, அந்தக் கோடு ஏன் அங்கே வளைகிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும். ருப்லியோவின் ஓவியத்திலுள்ள மூன்று தேவதூதர்கள் ஏன் அப்படித் தலை சாய்த்திருக்கிறார்கள் என்பது வரைந்து பார்த்தவருக்கே புரியும். வடிவத்தோடு காரணமும் கைமாறியது. இன்றைய இணையத் தேடலில் கைமாறாமல் போவது இந்தக் காரணம்தான்.

2009-இல் தொடங்கிய டிரிபிள் தளத்தில் வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையின் ஒரு துணுக்கை ஏற்றினார்கள். தொடக்கத்தில் அதற்கு 400-க்கு 300 பிக்சல் என்று அளவு விதிக்கப்பட்டிருந்தது. ஒரு பொத்தான், ஒரு சின்னம், ஒரு திரையின் மூலை. அவ்வளவு சிறிய கட்டத்தில் நிறமும் நிழலும் தெரியும். அந்தப் பக்கத்தை யார், எந்த அவசரத்தில், எந்தக் கைப்பேசியில் திறந்தார்கள் என்பது தெரியாது. சக வடிவமைப்பாளர்களின் பாராட்டுக்காகப் படம் வரையும் பழக்கம் இப்படி வளர்கிறது, பயனரின் சிக்கல் பின்னுக்குப் போகிறது என்று இன்டர்காம் நிறுவனத்திலிருந்த பால் ஆடம்ஸ் 2013-இல் எழுதிய கட்டுரை அந்தத் துறையில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. தளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இலையில் பரிமாறியதன் படத்தைப் பார்த்துச் சமையல் கற்க முடியாது, அவ்வளவே.

சாம்பல் எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைப் பின்னணியில் மெலிந்த சாம்பல் எழுத்துகள் காட்சித் தொகுப்புகளில் நேர்த்தியாகத் தெரியும். பார்ப்பவர் அந்தச் சாம்பலை அப்படியே எடுத்துக்கொள்கிறார். ஆனால் 2008-இல் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.0 என்ற அணுகல் வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளையின் மேல் #999999 என்ற சாம்பல் 2.85:1 மட்டுமே தரும். #777777 தருவது 4.48:1, மயிரிழையில் தவறிவிடும். ஒரே ஒரு படி கருமை கூட்டி #767676 ஆக்கினால் 4.54:1 கிடைத்துத் தேறிவிடும். பளிச்சென்ற அலுவலகத் திரையில் இரண்டு சாம்பலுக்கும் வித்தியாசமே தெரியாது. வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்க்கும் முதியவருக்கு எழுத்து எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு வாசிப்பு நின்றுபோகிறது. வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2024-இல் அவற்றில் 81 சதவீதத்தில் எழுத்தின் ஒளி வேறுபாடு போதவில்லை. இத்தனை பேரும் தனித்தனியாக யோசித்து இந்த முடிவுக்கு வந்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர், காரணம் கேட்காமல் எடுத்துக்கொண்டதன் விளைவும் இதில் இருக்கிறது.

எல்லாத் தளங்களும் ஒரே மாதிரி ஆகிவிட்டன என்ற புலம்பலுக்கும் ஆதாரம் உண்டு. இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 10,000 தளங்களின் பழைய தோற்றங்களை ஒப்பிட்டு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 2010-க்கும் 2016-க்கும் இடையில் தளங்களின் பக்க அமைப்பில் இருந்த வேறுபாடு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. பலரும் ஒரே நிரல் தொகுப்புகளைப் பயன்படுத்துவது இதற்கு ஒரு காரணம். ஆனால் ஒற்றுமையே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. பயனர்கள் தங்கள் நேரத்தில் பெரும்பகுதியை மற்றவர்களின் தளங்களில்தான் கழிக்கிறார்கள், அங்கே பழகியதையே இங்கும் எதிர்பார்க்கிறார்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் நெடுநாளாகச் சொல்லிவருகிறார். தேடல் பெட்டியை மேலே வலப்பக்கம் வைப்பது மரபு. அதைப் புதுமைக்காகக் கீழே தள்ளுபவர் பயனரின் நேரத்தைத்தான் செலவழிக்கிறார். மரபைக் காக்க வேண்டிய இடமும் மீற வேண்டிய இடமும் காரணம் தெரிந்தவருக்குத்தான் பிடிபடும்.

காரணத்தையும் சேர்த்துத் தரும் ஊற்றுகள் இணையத்தில் உண்டு. யோசனை தேடுபவர் முதலில் போக வேண்டியது அங்கேதான். பிரிட்டிஷ் அரசின் கவ்.யூகே தளம் 2012 அக்டோபரில் திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டே லண்டன் டிசைன் மியூசியத்தின் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதைப் பெற்றது. அதில் வண்ண ஜாலம் ஏதுமில்லை. அந்த அரசின் வடிவமைப்பு முறைமை முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கிறது. பிறந்த தேதி கேட்கும் பெட்டியைப் பார்த்தாலே போதும். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சிறு பெட்டிகள், எண்ணைத் தட்டினால் முடிந்தது. நாட்காட்டியைத் திறந்து ஐம்பது ஆண்டு பின்னோக்கி நகர வேண்டியதில்லை. ஒவ்வோர் உறுப்போடும் அதை எப்போது பயன்படுத்துவது, எப்போது பயன்படுத்தக் கூடாது என்ற குறிப்பும் இருக்கிறது. இங்கிருந்து எடுப்பவர் பெட்டியோடு அதன் பின்னாலிருக்கும் மனிதரையும் எடுத்துச் செல்கிறார்.

வலை உலகின் வழிநூல் மரபுக்கும் ஒரு நல்ல சான்று இருக்கிறது. 2000 ஏப்ரலில் ஆஸ்திரேலியரான ஜான் ஆல்சாப் 'எ லிஸ்ட் அபார்ட்' இணைய இதழில் தாவோ தே ஜிங் என்ற சீனத் தத்துவ நூலைத் துணைக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். அச்சுத் தாளின் மீது இருந்த கட்டுப்பாட்டை வடிவமைப்பாளர்கள் திரையின் மீதும் தேடுகிறார்கள். வலைப்பக்கத்தின் இயல்போ வளைந்து கொடுப்பது, அதோடு போராடாமல் இசைந்து போகலாம் என்றார். பத்தாண்டு கழித்து, 2010 மே மாதம் வலை வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் அதே இதழில், ஆல்சாப்பின் வரிகளை முகப்பில் வைத்தே தன் கட்டுரையைத் தொடங்கினார். நீளும் கட்டங்கள், நெகிழும் படங்கள், திரையின் அளவை அறியும் மீடியா குவெரி என்று மூன்றையும் இணைத்து அவர் முன்வைத்த முறைதான் இன்று கைப்பேசிக்கும் கணினிக்கும் ஒரே பக்கம் பொருந்தி நிற்பதற்கு அடிப்படை. முன்னவரின் சொல்லைப் போற்றி, தன் வேறுபாட்டைச் சேர்த்தார். பவணந்தி படித்திருந்தால் தலையசைத்திருப்பார்.

தமிழில் பக்கம் செய்பவருக்கு இந்தக் காரணத் தேடல் இன்னும் கட்டாயமாகிறது, ஏனென்றால் எடுத்து வைத்த கணமே கோளாறு தெரிந்துவிடும். காட்சித் தொகுப்பில் கண்ட அழகான முகப்பு, மூன்று சிறிய ஆங்கிலச் சொற்களைப் பெரிய எழுத்தில் நிறுத்தியிருக்கும். அதே அளவில் 'தொடர்புகொள்ளுங்கள்' என்று எழுதினால் கைப்பேசித் திரையில் அந்த ஒரு சொல்லே உடைகிறது. ஆங்கிலத்தில் கேப்பிடல் எழுத்தால் தலைப்பைப் பிரித்துக் காட்டும் சிஎஸ்எஸ் கட்டளைக்குத் தமிழில் வேலையே இல்லை, நம் எழுத்தில் பெரியது சிறியது என்ற பேதம் கிடையாது. ஆங்கிலத்துக்கு அளந்த வரி இடைவெளியில் மேல் வரியின் 'கூ'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்கின்றன. ஆகவே முதலில் அந்த ஆங்கிலப் பக்கத்தில் கேப்பிடல் எழுத்து என்ன வேலை செய்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. துணைத்தலைப்பை உடல் எழுத்திலிருந்து பிரித்துக் காட்டியது. அந்த வேலையைத் தமிழில் தடித்த எழுத்து செய்யுமா, நிறம் செய்யுமா, மேலே விடும் இடைவெளி செய்யுமா? பிரவுசரின் இன்ஸ்பெக்ட் கருவியைத் திறந்து, அந்தப் பக்கத்தின் ஆங்கில வாசகத்தை அழித்துவிட்டு, சொந்தத் தமிழ் வாசகத்தை ஒட்டி, வரி இடைவெளியை 1.4-லிருந்து 1.7-க்கு நகர்த்திப் பார்க்கலாம். கால் மணி நேரத்தில் அந்த வடிவத்தில் எது தாங்குகிறது, எது ஆங்கிலத்துக்காக மட்டுமே இருந்தது என்று பிரிந்துவிடும். தாங்கியதை வைத்துக்கொண்டு, மீதியைப் புதிதாகச் செய்து, யாருடைய பக்கத்திலிருந்து தொடங்கியது என்று சிஎஸ்எஸ் கோப்பின் முதல் வரியிலேயே ஒரு குறிப்பாக எழுதி வைக்க இடமிருக்கிறது.